இரும்பு ஸ்டூலும் ஞானசௌந்தரியின் கைகளும்

ஞானசௌந்தரியின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பற்றி அப்புறம் சொன்னால் போதும். ஊரிலும் அந்த வரிசையில்தான் சொல்லுவார்கள்.

பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு, கைக்குழந்தையாக இருந்த அவள் சபை ஐயரின் மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். மூப்பர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் மூக்கு ஐயருக்குத் திரும்பக் கிடைத்ததாம். அதற்குப் பிறகு அவர் செய்த பிரசங்கமெல்லாம் சளி பிடித்த குரலில்தான் இருந்ததாம். வளர்ந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ராதாபுரம் பக்கம் முதல் வேலைக்குப் போனபோது, மணலில் புதைந்த ஆஸ்பத்திரி ஜீப்பை அவள் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறாள். டிரைவர் ஏறுவதற்குள் ஜீப் கிளம்பி, நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் நின்றதாம். இதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் என்று யாரும் இல்லை. நம்பாதவர் என்றும் யாரும் இல்லை.

இப்போது ஆளைப் பற்றி. இவ்வளவு பெரிய கைகளை வைத்திருந்தவள், தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தேடினாலும் கிடைக்காத பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம். இடிக்குப் பயம். லிஃப்டில் ஏறமாட்டாள். பஸ் ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் ஏறியதும், அணைக்கட்டில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்காதபடி காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள், பாவம், ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பயங்கள் ஊருக்குத் தெரியும். தெரியாத பயம் ஒன்று இருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில்தான் அவளுக்குப் பாதி ஆயுள் போனது. அந்த அறைக்குள் ஒவ்வொரு தடவை நுழையும்போதும் அவள் வயிறு சில்லிட்டுப் போகும். தலை தெரிந்துவிட்டு, வெளியே வராமல் பிள்ளை நிற்குமே, அந்த நேரம். தாய் களைத்துப்போய், அறை முழுக்க எல்லாரும் கத்தி, பிள்ளை மட்டும் வராமல் நிற்கும் நேரம். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அங்கே சேர்ந்த புதிதில் அப்படி ஒரு நேரத்தில் அவள் நடுங்கிக்கொண்டு நிற்க, மூத்த நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள்: "என்னட்டி மரம் மாதிரி நிக்கே? ஸ்டூல்ல ஏறு. மேல இருந்து வயித்த அமுக்கு." பிரசவ மேசைக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலில் ஏறி, இரண்டு கையையும் வயிற்றின் உச்சியில் வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி அமுக்கினாள். பிள்ளை வந்து அழுதது. அந்த அழுகை கேட்டதும் அவள் பயம் தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி கரைந்துபோனது. அவ்வளவுதான். அன்றிலிருந்து பயம் வந்தால் ஸ்டூல். ஸ்டூலில் ஏறினால் கை. கை இறங்கினால் பிள்ளை.

பெயரும் வந்துவிட்டது. ஏரலிலிருந்தும் ஆழ்வார்திருநகரியிலிருந்தும் ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள், டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன்னால், "அந்தக் கைக்காரம்மா டூட்டியில இருக்காவளா?" என்றுதான் கேட்பார்கள்.

நடராஜ் டாக்டர் அங்கே வந்தபோது நிலைமை இப்படி இருந்தது. அவர் குள்ளம், மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். மிகவும் கோபம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும் என்பார்கள். அவர் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"பல நாட்டுல பிரசவங்கள வச்சு ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க, சிஸ்டர். மேல இருந்து அமுக்குனா பிள்ளை சீக்கிரம் வருதுன்னு தேறல. தாய்க்கு விலா முறியலாம், உள்ள கிழியலாம், கர்ப்பப்பையே கிழியலாம். செய்யாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாம ஏன் இன்னும் செய்யுதோம்?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஞானசௌந்தரி எல்லாரையும்விட வேகமாக ஆட்டினாள். வடையும் காபியும் வந்தன. மறுநாள் காலையில் ஒரு பிள்ளை வராமல் நின்றது. ஞானசௌந்தரி ஸ்டூலில் ஏறிவிட்டாள். ஏறியது அவளுக்கே தெரியாது.

மறுபடியும் கூட்டம், மறுபடியும் வடை. வயிற்றை அமுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். எழுத்துத் தெரிகிற உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று ஞானசௌந்தரியே ஸ்டூலில் ஏறி ஒட்டினாள். அதே ஸ்டூலில் மறுநாளும் ஏறினாள்.

பிறகு ஒருநாள், அவள் அமுக்கிப் பிறந்த பிள்ளை நன்றாக அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உள்ளே ஆழமாகக் கிழிந்திருந்தது. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள். யாரும் ஞானசௌந்தரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டார், "உங்க கையாலதான் பிள்ளையாவது கெடச்சுது" என்று வாழைத்தார் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாரிலிருந்து அவள் ஒரு பழத்தைக்கூட உரிக்கவில்லை.

நடராஜ் டாக்டர் இந்தத் தடவை கூட்டம் போடவில்லை. பிரசவ அறைக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து எடுத்துக் கொடுக்கும் பீர் மைதீனிடம் கொடுத்துவிட்டார். மேசை உயரம். தரையில் நின்று எம்பினாலும் பாரம் இறங்காது. பீர் மைதீனுக்கு மகிழ்ச்சி. மேல் தட்டில் இருக்கும் மருந்தைக் குச்சியால் தட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"கை சும்மா இருந்தா பயம் வரும் சிஸ்டர்" என்று டாக்டர் ஞானசௌந்தரியிடம் சொன்னார். "அதனால கைக்கு வேற வேலை தாரேன்."

சின்ன டாப்ளர் கருவியை அவள் கையில் வைத்தார். ஒவ்வொரு வலி முடிந்ததும் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். துடிப்பு சரியாக இருந்தால் பொறுக்க வேண்டும். விழுந்து, எழும்பாமல் கிடந்தால் அவரைக் கூப்பிட வேண்டும். தாயை மல்லாக்கப் போட்டே வைக்காமல், அவளுக்குத் தோதாக ஒருக்களித்தோ குத்தவைத்தோ இருக்க விட வேண்டும். அதற்காகச் சுவரோரம் தடித்த மெத்தை ஒன்றும் வந்தது. வந்த நாளிலிருந்து அதன்மேல் ஆஸ்பத்திரிப் பணியாளர் சுடலைவடிவின் சாப்பாட்டுப் பைதான் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஞானசௌந்தரிக்கு இது இன்னும் பெரிய பயமாகப் போயிற்று. அமுக்குகிறபோது ஒன்றும் கேட்காது. இப்போது கேட்கிறது. டக்டக்டக்டக் என்று, காட்டுக்குள் யாரோ ஓடுகிற மாதிரி. ஓடுகிறவர் எப்போது விழுவாரோ என்று ஒவ்வொரு துடிப்புக்கும் அவள் காத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் துணிக்கடியில் வைத்துவிட்டாள். அது டிக்டிக் என்று விழாமல் ஓடுவதைக்கூட அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எண்ணம் அவளை அரித்தது. அமுக்கி ஏதாவது ஆனால், செய்ததைச் செய்தாள், விதி என்று ஊர் விட்டுவிடும். வாழைத்தார்கூடக் கொடுக்கும். அமுக்காமல் ஏதாவது ஆனால்? கையைக் கட்டிக்கொண்டு நின்று பிள்ளையைக் கொன்றாள் என்று சொல்லும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் ஏரலிலிருந்து அர்வா வந்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை அஃப்சல் துபாயில் இருந்தான். அவளுடைய உம்மா ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவள் என்பதால், துணைக்கு மாமியார் சபீதா உள்ளே வந்தாள். வந்தவள் ஞானசௌந்தரியைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தெரியலையா நர்ஸம்மா? அஃப்சல இந்தக் கைதான் எடுத்துச்சு. வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். கைக்காரம்மா இருக்கையில நமக்கு என்ன பயம்?"

"பயம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் ஞானசௌந்தரி. அவளுடைய வயிறு அப்போதே சில்லிட்டாயிற்று.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் வேறொரு பெண்ணுக்கு அவசரமாகச் சிசேரியன் என்று டாக்டர் உள்ளே போனார். வானம் கறுத்து முதல் இடி இறங்கியது. அதே நேரம் பார்த்து அர்வாவின் பிள்ளை தலையைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது.

வலி வரும், அர்வா முக்குவாள், தலை கொஞ்சம் வரும், வலி போகும், தலை உள்ளே போய்விடும். மறுபடி. மறுபடி. அர்வாவின் முகம் வெளுத்து, உதடு காய்ந்து வெடித்தது.

"மாமி, என்னால ஏலாது" என்று அழுதாள்.

சபீதா திரும்பினாள். "நர்ஸம்மா, தள்ளுங்க."

"தன்னால வரும். கொஞ்சம் பொறுங்கம்மா."

"என்னத்தப் பொறுக்க? பிள்ளை செத்துப் போவும்! அன்னைக்கு எனக்குத் தள்ளுனியல்லா? என் மருமவளுக்கு மட்டும் ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிய?"

ஞானசௌந்தரி டாப்ளரை வயிற்றில் வைத்தாள். கை நடுங்கியதில் அது வழுக்கி ஓடியது. சத்தமே இல்லை. அவளுக்கு உலகம் நின்றுபோயிற்று. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். டக்... டக்... மெதுவாக இருந்தது. அப்புறம் வேகம் பிடித்து, டக்டக்டக் என்று பழையபடி ஓடியது. வலியில் கொஞ்சம் இறங்கி, வலி போனதும் ஏறிவிட்டது. சரியாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது என்று காது சொன்னது, உடம்பு நம்பவில்லை.

"ஏட்டி சுடலை, தியேட்டர் வாசல்ல போய்ச் சொல்லு. தலை நிக்குதுன்னு சொல்லு. ஓடு."

சுடலைவடிவு ஓடினாள், வந்தாள். "துடிப்பு எப்படி இருக்குன்னு கேக்காவ."

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா பொறுக்கச் சொன்னாவ. விழுந்து எந்திரிக்கலன்னா கத்தச் சொன்னாவ, உடனே வந்து ஆயுதம் போட்டு எடுப்பாவளாம். படுக்கையில இருந்து எழுப்பி உக்கார வைங்கன்னும் சொன்னாவ."

அப்போது விழுந்தது பாருங்கள் ஓர் இடி. பொதிகையிலிருந்து புறப்பட்டு, வழியில் எங்கும் நிற்காமல், நேராக அந்தப் பிரசவ அறையின் ஓட்டுமேல் வந்து உட்கார்ந்ததாகத்தான் சுடலைவடிவு இன்றைக்கும் சொல்கிறாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அர்வா அலறினாள். சபீதா அல்லாவை அழைத்தாள். ஞானசௌந்தரியின் வாயிலிருந்து அவளுக்கே தெரியாமல் ஒரு கத்தல் வந்தது:

"ஸ்டூலைக் கொண்டா!"

சுடலைவடிவு அப்படியே நின்றாள். "சிஸ்டர், டாக்டர்..."

"கொண்டாட்டின்னா!"

பீர் மைதீன் அதன்மேல் நின்று மருந்து எடுத்துக்கொண்டிருந்தாராம். அவரை இறக்கிவிட்டுத்தான் ஸ்டூலைப் பிடுங்கி வந்தேன் என்பது சுடலைவடிவின் கட்சி. இறங்க நேரமில்லை, குதித்தேன், இன்னும் முட்டி வலிக்கிறது என்பது பீர் மைதீனின் கட்சி. எப்படியோ, ஸ்டூல் வந்துவிட்டது.

ஞானசௌந்தரி ஏறினாள். கீழே அர்வாவின் வயிறு. கை இரண்டும் தானாக நீண்டு, வயிற்றின் உச்சியில் போய் உட்கார்ந்தன. எத்தனையோ வருடப் பழக்கம். அவற்றுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வலி வரவேண்டியதுதான் பாக்கி.

"அப்படித்தான், அப்படித்தான் நர்ஸம்மா!" என்று சபீதா ஆறுதலோடு மூச்சு விட்டாள். விட்டவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வலது விலாவின் கீழே ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

ஞானசௌந்தரியின் கண் அந்தக் கட்டைவிரலில் போய் விழுந்தது. "அங்கன என்னம்மா?"

"இதா? மழைன்னா குத்தும். அஃப்சல் பொறந்த அன்னையிலேருந்து உள்ளதுதான். நீங்க ஒரு அமுக்கு அமுக்குனிய பாருங்க, உள்ள மளுக்குன்னுச்சு. மூச்சு விட முடியாம எத்தன நாள் கெடந்தேன்! அதுக்கென்ன, பிள்ளை வந்துச்சுல்லா?" சபீதா பெருமையாகத்தான் சொன்னாள். குறை சொல்கிற எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

மளுக்கென்று ஒடிந்தது ஞானசௌந்தரிக்கு இப்போது கேட்டது. அன்றைக்கு அவள் காதில் பிள்ளையின் அழுகை மட்டும்தான் விழுந்திருந்தது.

அர்வாவின் மெலிந்த விலா தன் உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அந்தக் கிழிந்த பெண்ணின் நினைவு வந்தது. வாழைத்தார் நினைவு வந்தது. வலி எழும்பியது. அவள் கைக்குக் கீழே வயிறு கல்லாக இறுகியது. "தள்ளுங்க!" என்று சபீதா கத்தினாள்.

அவள் கையை எடுத்தாள். எடுத்துவிட்டாள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். எடுப்பதற்கு அவள் பட்ட பாடு அந்த ஜீப்பைத் தள்ளியதைவிடப் பெரிது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. வலி முடியும்வரை இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து நெருக்கிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் டாப்ளரை வைத்தாள். டக்டக்டக்டக். பிள்ளை பயப்படவில்லை. பயப்படுவது தான்தான். தன் பயத்தை இறக்கிவைக்கத்தான் இத்தனை வயிறுகளின் மேலே ஏறியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"ஏன் எறங்குதிய? ஏன் எறங்குதிய?" சபீதா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சபீதாம்மா, எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் ஞானசௌந்தரி. அந்த அறையில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. "கைய நீட்டிக் காட்டட்டா? பாருங்க, எப்படி ஆடுதுன்னு. ஆனா பிள்ளை நல்லா இருக்கு. காதால கேட்டியள்லா? இவள எழுப்புவோம். பிடிங்க அந்தப் பக்கம். சுடலை, அந்த மெத்தையில கெடக்க ஒன் பையத் தூக்கு."

சபீதா அரை மனசோடு பிடித்தாள். அர்வாவை மெதுவாக இறக்கி மெத்தையில் குத்தவைத்தார்கள். அர்வா மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பிள்ளை வருகிற இடம் இப்போது தரையோரம் இருந்தது. ஞானசௌந்தரியின் முட்டி அவ்வளவு தூரம் மடங்காது. காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வலிக்கும் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. துடிப்பு ஒருமுறை நன்றாக இறங்கியது. ஞானசௌந்தரி டாக்டரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அது ஏறிவிட்டது. திறந்த வாயை மூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அர்வாவின் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. நகம் தோலுக்குள் இறங்கியது. அந்த வலி அவளுக்கு நல்லதாக இருந்தது. கை எங்கேயும் போகாமல் கிடந்தது.

"இப்ப முக்கட்டா?" என்று அர்வா கேட்டாள்.

"ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப முக்கு. நான் இங்கனயேதான் இருக்கேன்."

ஒரு நீண்ட வலி. அர்வா சத்தமே போடவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்துச் சபீதா போட்டாள். தலை வந்தது, உள்ளே போகவில்லை. நின்றது, இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு தோள், பிறகு மொத்தமும், வழுக்கிக்கொண்டு ஞானசௌந்தரியின் மடியிலேயே வந்து விழுந்தது. பெண் பிள்ளை.

அழவில்லை.

ஞானசௌந்தரி துணியால் முதுகைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சின்ன முகம் சுருங்கி, வாய் திறந்து, இடிக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தியது. சத்தம் ஆற்றைத் தாண்டி அக்கரை வாழைத் தோட்டத்துக்கே கேட்டது என்கிறார்கள். அதையும் நான் மறுப்பதாக இல்லை.

பிள்ளையை அர்வாவின் நெஞ்சின்மேல் போட்டார்கள். தொப்புள்கொடி துடித்து ஓயும்வரை காத்திருந்து வெட்டினாள் ஞானசௌந்தரி. நஞ்சுக்கொடியும் ஒழுங்காக வந்தது. ரத்தம் அளவோடு நின்றது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி பார்த்தாள். டாக்டர் தியேட்டர் உடுப்போடு ஓடிவந்தபோது, முதலில் ஸ்டூலைத்தான் பார்த்தார். முகம் மாறியது. பிறகு அதன்மேல் ஞானசௌந்தரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டாப்ளரைப் பைய வாங்கினார். விரல்கள் மரத்துப்போய், அதை விட மாட்டேன் என்றன.

வெளியே சபீதா துபாயில் இருக்கும் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மழையையும் மீறி அந்தக் குரல் கேட்டது: "ஆமா வாப்பா, பொம்பளப் பிள்ளை! எல்லாம் கைக்காரம்மாதான். முதல்ல தள்ளமாட்டேன்னு ஒரே அடம். அப்புறம் கீழ உக்காந்து ஒத்த விரலால தொட்டாவ பாரு, அல்லா, பிள்ளை ஓடி வந்துட்டு!"

ஞானசௌந்தரிக்கு அதைத் திருத்தத் தெம்பில்லை. மணிக்கட்டில் நகம் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். சபீதா போனை வைத்துவிட்டு உள்ளே வந்ததும், அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்த விலாவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அமுக்கவில்லை, வைத்தாள்.

"இங்கனதானே? மளுக்குன்னது நான் அமுக்குனதாலதான். டாக்டர்கிட்ட காட்டி ஒரு படம் எடுத்துருவோம்."

"இவ்வளவு வருசம் கழிச்சா? எதுக்கு நர்ஸம்மா?"

"எனக்காவ எடுங்க."

சபீதா சிரித்தாள். ஞானசௌந்தரி சிரிக்கவில்லை.

சாயங்காலம் பீர் மைதீன் முட்டியைத் தடவிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், டாக்டர் எனக்குத் தந்த ஸ்டூல்லா அது?"

"வேற கேட்டு வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. இது எனக்கு வேணும். உக்காருததுக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்புவதற்குள், வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "கைக்காரம்மா இருக்காவளா?" என்று யாரோ கேட்டார்கள். ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு பெண் முனகினாள். ஞானசௌந்தரியின் வயிறு, மதியம் எப்படிச் சில்லிட்டதோ அப்படியே, இம்மியும் குறையாமல் சில்லிட்டது. கையை முன்றானையில் துடைத்துக்கொண்டாள். டாப்ளரை எடுத்தாள். ஸ்டூலை மெத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, வருகிற பெண்ணை எதிர்கொள்ள வாசலுக்கு நடந்தாள்.